ஏழு லிட்டர்

நூறு கிலோமீட்டருக்குக்
கோடையில் பதினான்கு, ஜனவரியில் இருபத்தொன்று.
"ஏழு லிட்டர் எங்கே போகிறது, கியூன்னேய்?"
பேனா மூடியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்கிறார்
கணக்காளர் இன்னொகென்தி.
திருட்டு என்ற சொல் இன்னும் மேசைக்கு வரவில்லை.
வாசலில் நின்று
பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

யாகுட்ஸ்க். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தாறு.
கம்பளிப் போர்வைக்குள் ஆய்வகத்து வேன்.
இரவில் இரண்டு மணிக்கொரு தரம்
தானே விழித்து, இருமி,
இருபது நிமிடம் ஓடிவிட்டு மறுபடி தூங்கும்.
ஓர் அடிகூட நகராத ஓட்டம் அது.
விழிக்கும்போதெல்லாம் முதல் மடக்குப் பெட்ரோல்
எரிவதே இல்லை,
குளிர்ந்த உலோகத்தில் ஈரமாய் ஒட்டிக்கொள்கிறது.
உள்ளிருக்கும் சின்னக் கணினிக்கு அது தெரியும்,
இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்கிறது.
அது என் கையெழுத்தையும் கேட்பதில்லை
உங்கள் கையெழுத்தையும்.

எஞ்சினாவது இரவில் விழித்தது.
கியர் பெட்டி விழிக்கவே இல்லை.
அதன் எண்ணெய் ஆறிப்போன வெல்லப்பாகு.
பாகு கிண்டியவர்களைக் கேளுங்கள்
தோள்பட்டை என்ன விலை கேட்கும் என்று.

டயரும் அப்படித்தான்.
தரையைத் தொட்டிருந்த பக்கம் தட்டையாகவே உறைந்துபோக
முதல் இரண்டு கிலோமீட்டர்
சதுரச் சக்கரத்தில் போகிறேன்.
தடக். தடக். தடக்.
உங்கள் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

காற்றுதானே என்பது கோடைப் பேச்சு.
இங்கே அதற்குக் கால் பங்கு கனம் கூடுதல்,
மூக்கால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டுதான்
போகவேண்டியிருக்கிறது.

தூரம் என்று பார்த்தால் எல்லாம் பக்கம்.
பிரசவ மருத்துவமனை, குழந்தைகள் மருத்துவமனை,
ஆற்றங்கரைக் கிளினிக்.
உடம்பு சூடாகிவிட்டது, இனிச் சிக்கனமாய் இருப்போம்
என்று எஞ்சின் நினைக்கும்போது
அடுத்த வாசல் வந்துவிடுகிறது.
அணைக்க முடியாது.
பின்னால் பெட்டியில் நாற்பத்தெட்டுக் குழாய்கள்.
ரத்தம் உறைந்தால் சிவப்பணு வெடிக்கும்,
சோதனை பொய் சொல்லும்.
நேற்று ஒரு சீட்டில்
அலெக்சீவா, முப்பத்தொரு வாரம் என்றிருந்தது.
யாரென்று தெரியாது.
ஆனாலும் அந்தப் பெட்டி பக்கமாகத்தான்
சூட்டைத் திருப்பிவிட்டிருந்தேன்.
என் பாதங்கள் மரத்துப்போனதையும்
கணக்கில் சேர்க்கலாமா?

சரி, ஒன்று மட்டும் நான் எடுத்ததுதான்.
டிசம்பர் பதினெட்டு. பாலத்தடியில்
நின்றுபோன காருக்குள் ஒரு கிழவர்,
மீசை முழுக்க உறைபனி.
என் பக்கத்தில் ஏற்றி உட்காரவைத்து
மகன் வந்து சேரும்வரை
நாற்பது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன்.
அவர் ஒன்றும் பேசவில்லை,
விரல்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு லிட்டர் இருக்கும்.
திருட்டு என்று எழுதுங்கள், அந்த ஒன்றுக்குக்
கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொகென்தி எழுதவில்லை.
கண்ணாடியின் பனிப்பூவை நகத்தால் சுரண்டி
வெளியே பார்க்கிறார்.
முற்றத்தில் என் வேன்,
வால்பக்கம் வெள்ளைப் புகை,
ஏறப் போகாமல் அங்கேயே தேங்கி நிற்கிறது.

"ஏன் அணைக்கவில்லை?"

"பெட்டி இன்னும் உள்ளே இருக்கிறது.
ஒரு நிமிடம்தான், வந்துவிட்டுப் போ என்றீர்கள்.
முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது."

பேனாவின் மூடியைத் தேடுகிறார்.
மேசையில் இல்லை, மடியில் இல்லை.
குனிந்து நாற்காலிக்கு அடியிலும் பார்க்கிறார்.

வேன் குடித்துக்கொண்டிருக்கிறது.